சவர்க்காரத்துக்கு இப்போது ஜி.எஸ்.டி. இல்லை
அண்ணா, பற்பசையும் ஷாம்பூவும் தாய்லாந்தின் ஹாட்யாயில் மலிவு, மலேசியாவில் நம் சுங்கை சிப்புட்டில் விலை கூடுவதற்கு இன்னும் பிடிக்கும் 6 விழுக்காடு ஜி.எஸ்.டி. எனும் பொருள், சேவை வரிதான் காரணம் என்று எழுதியிருக்கிறீர்கள். விலை வித்தியாசம் இருக்கலாம். ஆனால் காரணம் அது இல்லை.

2015 ஏப்ரலில் வந்த ஜி.எஸ்.டி., 2018 ஜூன் 1 முதல் பூச்சியமாகிவிட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் பழைய எஸ்.எஸ்.டி. (விற்பனை வரி, சேவை வரி) திரும்பியது. வரியுள்ள பொருளுக்கு அதன் விற்பனை வரியைத் தயாரிப்பவரோ இறக்குமதி செய்பவரோ ஒரே முறை கட்டுவார். மளிகைக் கடைக்காரர் நம்மிடம் தனியாக வசூலிப்பதில்லை.

சந்தேகம் இருந்தால், அடுத்த முறை சாமான் வாங்கும்போது ரசீதைப் பாருங்கள். சவர்க்காரத்துக்கு ஜி.எஸ்.டி. போட்டிருக்காது. (சில உணவக ரசீதில் வரும் 6 விழுக்காடு சேவை வரி, அது வேறு.) சரி, எங்காவது போட்டிருந்தால் ரசீதைத் தூக்கிப் போடாமல் சுங்கத்துறையில் காட்டுங்கள்.