ஓடையில் விழுந்த மரம் குப்பை இல்லை

எங்கள் சியாட்டில் வட்டாரத் தமிழ் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒருவர் ஒரு படம் போட்டார். வீட்டுக்குப் பின்னால் ஓடும் ஓடை. குறுக்கே வேரோடு நாலைந்து மரங்கள், அவற்றில் சிக்கிய கிளைகள், சருகுக் குவியல், ஓரத்தில் நுரை. "இவ்வளவு வரி வாங்குகிறார்கள், இதைச் சுத்தம் பண்ண ஒரு ஆள் இல்லையா?" என்று கேட்டிருந்தார். ஆமாம் ஆமாம் என்று பதில்கள் குவிந்தன.

விஷயம் என்னவென்றால், அந்த மரங்களைக் கொண்டுவந்து போட்டதே அந்த வரிப்பணத்தில்தான். ஜேசிபி மாதிரி இயந்திரம் வைத்து, வேர்க்கொத்து தண்ணீருக்குள் இருக்கும்படி கிடத்தி, அடிமரத்தைக் கரைக்குள் புதைத்து வைத்திருக்கிறார்கள். வண்டி போக முடியாத மலை ஓடைகளில் ஹெலிகாப்டரில் தொங்கவிட்டுக் கொண்டுபோய் இறக்குவதும் உண்டு. எல்லாம் ஓடையில் பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டையிட ஓடைக்கே திரும்பும் சால்மன் மீனுக்காக. குழுவில் சொன்னால் சண்டையாகிவிடும். இங்கே சாவகாசமாகச் சொல்கிறேன்.

அணைக்கும் வலைக்கும் அடுத்தபடியாக இந்தப் பக்கத்துச் சால்மனைக் கெடுத்தது மனிதனின் ஒழுங்கு மோகம் என்பது என் கட்சி. ஓடை நேராக ஓட வேண்டும், கரை துடைத்துவைத்த மாதிரி இருக்க வேண்டும், கடலோரச் சேறு மேடாகி மனையாக வேண்டும். மீன்வளத் துறைகளே இதற்கு விலக்கில்லை. 1950களிலிருந்து 70கள் வரை, விழுந்த மரங்கள் மீனுக்கு வழி மறிக்கின்றன என்று நம்பி, அவர்களே ஓடை ஓடையாகப் போய் மரங்களை இழுத்து வெளியே போட்டார்கள். அவர்களுடைய நாற்காலியில் இன்று உட்கார்ந்திருப்பவர்கள்தான் மரங்களைத் திருப்பிக் கொண்டுவருகிறார்கள்.

சால்மன் முட்டையிடுவதைக் கிட்டத்தில் நின்று பார்த்தால் காரணம் புரியும். பெட்டை ஒருக்களித்துப் படுத்து வாலால் அடிக்கும். படார் படாரென்று நாலு அடி, ஒரு ஓய்வு, மறுபடி நாலு அடி. கூழாங்கற்கள் கிளம்பி ஓட்டத்தில் கொஞ்சம் கீழே போய் விழும். அடித்து அடித்து வால் ஓரம் தோலுரிந்து வெள்ளையாகியிருக்கும். பள்ளம் தயாரானதும் ஆண் வந்து ஒட்டி நிற்கும், இரண்டும் வாயைப் பிளந்துகொண்டு நடுங்கும், முட்டை உள்ளே போய்விடும். பிறகு பெட்டை சற்று மேலே ஏறி அடுத்த பள்ளத்தைத் தோண்டும். அங்கே கிளம்பும் கல் வந்து முதல் பள்ளத்தை மூடிவிடும். பட்டாணி அளவு ஆரஞ்சு நிற முட்டைகள், குளிர்காலம் பூராவும் அந்தக் கல்லுக்கடியில் இருக்க வேண்டும். கல்லிடுக்கில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தால்தான் அவற்றுக்கு மூச்சு. மேலே வண்டல் படிந்தால் மூச்சு முட்டிச் செத்துவிடும். வெள்ளத்தில் கல் உருண்டால் முட்டையும் போச்சு.

ஓடையை நேராக்கி வைத்தால் இந்த இரண்டும்தான் நடக்கும். சரிவான இடத்தில் வெள்ளம் வாய்க்காலில் பாய்வதுபோல் பாய்ந்து கல்லை அரித்துக்கொண்டு போகும். சமதரையில் வேகம் செத்து, கொண்டுவந்த மண்ணையெல்லாம் கொட்டும். நடுவில் ஒரு மரம் கிடந்தால் கதையே வேறு. அதன் முன்னால் வேகம் மட்டுப்படுகிறது, அடியில் குடைந்து மடு உண்டாகிறது, சரளைக்கல் ஒரு பக்கம், மணல் ஒரு பக்கம் என்று தண்ணீரே பிரித்துப் போடுகிறது. வேர்க்கொத்துக்குள் குஞ்சுகள் ஒளிந்துகொள்ளும். நமக்கு அலங்கோலமாகத் தெரிவது அதற்குக் குடியிருப்பு.

இந்தக் கதைக்கு எனக்குப் பிடித்த சாட்சி ஜிம்மிகம்லேட்லி (Jimmycomelately) ஓடை. கேலி இல்லை, பெயரே அதுதான். சியாட்டிலுக்கு மேற்கே உள்ள ஒலிம்பிக் தீபகற்பத்தின் வடக்கே, ஸ்க்விம் விரிகுடாவின் தென்கோடியில், பிளின் என்ற சிற்றூரில் கடலில் சேர்கிறது. அங்கே வருவது கோடைச் சம் என்ற சால்மன் வகை. மற்றவை இலையுதிர்கால மழைக்குக் காத்திருக்க, இது ஆகஸ்டு கடைசியிலிருந்து, ஓடையில் தண்ணீர் அடிமட்டத்தில் இருக்கும்போதே வந்துவிடும். தண்ணீர் குறைவு என்பதால் மேலே அதிக தூரம் போகாது, கடலுக்குப் பக்கத்திலேயே முட்டையிடும். ஆக, இந்த மீனுக்கு ஓடையின் கடைசிப் பகுதியும் கழிமுகமும்தான் உலகம். அந்தப் பகுதியைத்தான் பண்ணைக்கும் ரயில் பாதைக்கும் மரத்தொழிலுக்கும் தோதாக ஓரமாகத் தள்ளி, நேர்வாய்க்காலாக ஆக்கி வைத்திருந்தார்கள். மண் படிந்து படிந்து ஓடையின் அடி அக்கம்பக்கத்து நிலத்துக்கு மேலே ஏறிவிட்டது. மழை வந்தால் வெள்ளம் ஊருக்குள். வாரி எடுக்கலாம் என்றால், வாரும் கல்லோடு முட்டையும் போகும். கழிமுகத்தில் மரக்கட்டைக் கிடங்கு வேறு.

1999இல் அந்த ஓடைக்குத் திரும்பி வந்த கோடைச் சம் மொத்தம் ஏழு. ஆயிரத்தில் இல்லை, நூற்றில் இல்லை, ஏழே மீன். அதே ஆண்டுதான், இந்த ஓடையும் அடங்கிய ஹூட் கால்வாய் வட்டாரத்துக் கோடைச் சம் மீனை மத்திய அரசு அழிவு அபாயப் பட்டியலில் சேர்த்தது.

ஜேம்ஸ்டவுன் ஸ்க்ளாலம் பழங்குடியினர் முன்னால் நிற்க, கவுன்டி, மாநிலத் துறைகள், நிலத்துக்காரர்கள் எல்லாரும் கூடிச் செய்த வேலை அதற்குப் பிறகு நடந்தது. பழைய வாய்க்காலில் ஒட்டுப்போடவில்லை. பக்கத்தில் வளைந்து வளைந்து போகும் புதுத் தடத்தையே வெட்டினார்கள். அதில் மரங்களைக் கிடத்தி, கரையில் செடி நட்டு, 101ஆம் நெடுஞ்சாலைக்குப் புதுப் பாலம் போட்டு, 2005 வாக்கில் தண்ணீரை அதில் திருப்பினார்கள். கூடவே கழிமுகத்தில் கிடங்குக்காகக் கொட்டிய மண்ணை அள்ளினார்கள், கிரியோசோட் என்ற தார் எண்ணெய் பூசிய பழைய மரத்தூண்களைப் பிடுங்கினார்கள், ஓதம் ஏறி இறங்கும் சதுப்பை மீட்டார்கள். பின்னால் வந்த நல்ல ஆண்டுகளில் மீன் ஆயிரக்கணக்கில் வந்தது.

இங்கே ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். அந்த ஏழு மீனிலிருந்து ஓடை தானாக நிரம்பிவிடவில்லை. அதே 1999இல் முட்டையெடுத்துப் பொரிப்பகத்தில் குஞ்சு வளர்த்து விடும் திட்டமும் தொடங்கியது. அது இல்லாவிட்டால் அந்த இனம் அங்கே அப்போதே முடிந்திருக்கும். ஆனால் அந்தத் திட்டத்துக்கு முதலிலேயே ஒரு எல்லை போட்டிருந்தார்கள்: அதிகபட்சம் மூன்று தலைமுறை, 12 ஆண்டு. அதற்குள் ஓடை தயாராக வேண்டும், பிறகு மீன் தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். பொரிப்பகங்கள் மீது எனக்குள்ள கோபமே இந்த எல்லை பெரும்பாலான இடங்களில் இல்லாததுதான். இத்தனை லட்சம் குஞ்சு விட்டோம் என்று ஆண்டுதோறும் கணக்குக் காட்டலாம், படம் எடுக்கலாம். போன குஞ்சு எங்கே தங்கியது என்று யாரும் கேட்பதில்லை.

தங்கும் இடம் கழிமுகம். கோஹோ சால்மன் குஞ்சு ஒரு வருடத்துக்கு மேலாவது ஓடையிலேயே வளரும். சம் அப்படி இல்லை. கல்லிலிருந்து வெளியே வந்த கையோடு கடலை நோக்கிக் கிளம்பிவிடும். அப்போது அதன் நீளம் நாலு சென்டிமீட்டர்கூட வராது. அந்த உடம்போடு நல்ல தண்ணீரிலிருந்து உப்புத் தண்ணீருக்கு மாற வேண்டும், பெரிய மீன் வாயில் விழாமல் தப்ப வேண்டும், வேகமாக வளரவும் வேண்டும். கடற்புல், ஆழமில்லாத கிளைக் கால்வாய்கள், சேற்றில் நெளியும் பொடி உயிரினங்கள் எல்லாம் இருந்தால் பிழைக்கும். கட்டைகளை மிதக்கப்போட்ட இடத்தில் பட்டை உதிர்ந்து அடியில் அழுகிக் கிடக்கும், நிழலில் கடற்புல் முளைக்காது. மேலே ஓடையை எவ்வளவு பொன்னாகச் செய்து வைத்தாலும் கீழே இப்படி இருந்தால் என்ன பிரயோஜனம்?

ஆனால் நன்கொடையும் தன்னார்வலர்களும் மேலேதான் குவிகிறார்கள். சனிக்கிழமை காலை பிள்ளைகளோடு போய்ச் செடி நடலாம், நல்ல காரியம், நாங்களும் போவோம். கழிமுகத்தில் அப்படி ஒன்றும் செய்ய முடியாது. அங்கே நிலம் வாங்க வேண்டும், கரையை உடைக்க வேண்டும், சாலையை நகர்த்த வேண்டும். சியாட்டிலுக்குத் தெற்கே, நிஸ்குவாலி ஆறு கடலில் சேரும் டெல்டாவில் 2009இல் அதைச் செய்தார்கள். நூறு ஆண்டுக்கு மேல் கடலைத் தடுத்து நின்ற பண்ணைக் கரையை அகற்றி, 762 ஏக்கரில் ஓதத்தை மறுபடி உள்ளே விட்டார்கள். இன்று அங்குள்ள வனவிலங்குச் சரணாலயத்துக்கு பில்லி ஃபிராங்க் ஜூனியர் பெயர். சொந்த ஆற்றில் மீன் பிடித்ததற்காக ஐம்பது தடவைக்கு மேல் கைதான நிஸ்குவாலி பழங்குடி மனிதர் அவர்.

பழங்குடியினர் ஏன் எல்லா இடத்திலும் முன்னால் நிற்கிறார்கள் என்று சிலர் கேட்பதுண்டு. 1850களின் ஒப்பந்தங்களில் நிலத்தைக் கொடுத்துவிட்டு மீன் பிடிக்கும் உரிமையைக் கையில் வைத்துக்கொண்டவர்கள் அவர்கள். பிடிக்கக்கூடிய மீனில் பாதி அவர்களுக்கு என்று 1974இல் நீதிபதி போல்ட் தீர்ப்பு எழுதினார். ஜேம்ஸ்டவுன்காரர்கள் கதை இன்னும் கெட்டி: 1874இல் 500 டாலர் சேர்த்து 210 ஏக்கரைத் தாங்களே விலைக்கு வாங்கிக் குடியேறினார்கள். மத்திய அரசின் அங்கீகாரம் வந்தது 1981இல்தான். மீனே வராத ஆற்றில் மீன்பிடி உரிமையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இதே கேள்விதான், சாலைக்கடியில் ஓடையைக் கொண்டுபோகும் குழாய்கள் பற்றிய வழக்காக உச்ச நீதிமன்றம் வரை போனது. சம் நன்றாக நீந்தும், ஆனால் உயரத் தாவாது. குழாயின் வாய் ஓடை மட்டத்துக்கு மேலே தொங்கினால் அதன் பயணம் அங்கேயே முடிந்தது. மாநிலம் தன் சாலைகளின் கீழ் உள்ள அடைப்புகளைச் சரிசெய்ய வேண்டும் என்ற கீழ்நீதிமன்ற ஆணை, 2018இல் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் 4-4 என்று பிரிந்ததால் அப்படியே நிலைத்தது. கெடு 2030. செலவு பல நூறு கோடி டாலர். இதில் எனக்கு ஒரு குறை உண்டு. மாநிலம் கோடிக்கணக்கில் பாலம் கட்டிய இடத்துக்குக் கொஞ்சம் மேலேயே நகராட்சிக் குழாயோ தனியார் குழாயோ அடைத்துக்கொண்டு நிற்கும் ஓடைகள் இருக்கின்றன. ஆணை மாநிலத்துக்கு மட்டும்தான், மற்றவர்களைக் கேட்க நாதியில்லை. அதற்காகச் செலவே தண்டம் என்று சொல்பவர்களோடு நான் சேர மாட்டேன். மிச்சக் குழாய்களையும் மாற்று என்பதுதான் சரி.

டயர் விவகாரத்தையும் சொல்லாமல் விட்டால் தப்பு. நகர ஓடைகளுக்கு மழையோடு வரும் கோஹோ, முட்டையிடும் முன்பே சில மணி நேரத்தில் சுருண்டு விழுவது பல ஆண்டு மர்மம். டயர் ரப்பர் விரிசல் விடாமல் இருக்கச் சேர்க்கும் 6பிபிடி என்ற ரசாயனம் ஓசோனோடு சேர்ந்து உண்டாகும் குயினோன் என்ற நச்சுதான் காரணம் என்று 2020 டிசம்பரில் கண்டுபிடித்துச் சொன்னார்கள். சம் இதற்கு அசருவதில்லை, கோஹோதான் சாகிறது. சாலைத் தண்ணீரை நேரே ஓடைக்கு விடாமல் மண்ணிலும் மக்கிய உரத்திலும் வடியவிட்டால் விஷம் பெருமளவு நின்றுவிடுகிறது. இதற்காகக் கரையோரம் பள்ளமாக வெட்டி நாணல் நட்டிருப்பதைப் பார்த்து, அதையும் சுத்தம் பண்ணச் சொல்லிப் புகார் போகும் என்று நினைக்கிறேன்.

நேரில் பார்க்க விரும்புகிறவர்கள் செப்டம்பரில் பிளின் போகலாம். அவ்வளவு தூரம் முடியாது என்றால் நவம்பர் நடுவில், சியாட்டிலுக்குள்ளேயே கார்க்கீக் பூங்காவில் பைப்பர்ஸ் ஓடை. அங்கே வருவதும் சம்தான். ஆனால் அந்த ஓடை தண்டவாளத்துக்கு அடியில் குழாய் வழியாகக் கடலுக்குப் போகிறது, கழிமுகம் என்று சொல்ல இடமே இல்லை. சுக்வாமிஷ் பழங்குடியினர் தரும் குஞ்சுகளை ஆண்டுதோறும் விட்டுத்தான் ஓட்டுகிறார்கள். பிளின், பைப்பர்ஸ் இரண்டையும் பார்த்தால் நான் சொல்வது பிடிபடும்.

போனால் கரையிலேயே நில்லுங்கள். வசந்தம் வரை கல்லில் கால் வைக்காதீர்கள், அடியில் முட்டை இருக்கும். முட்டையிட்டதும் செத்துப்போகும் மீனின் நாற்றம் தூக்கும். அதை யாரும் அள்ள மாட்டார்கள், அள்ளவும் கூடாது. பூச்சிக்கும் பறவைக்கும் மரத்துக்கும் அதுதான் உரம். அப்புறம், நாய் கூட்டிப் போகிறவர்கள் கயிற்றைக் கையிலேயே பிடித்திருங்கள். பச்சைச் சால்மனில் உள்ள ஒட்டுண்ணி வழியாக ஒரு நோய் வரும், ஒரு வாய் தின்றாலே போதும். வைத்தியம் பார்க்காவிட்டால் நாய் பிழைப்பது கஷ்டம்.