ஸ்டேட் யுனிவர்சிட்டி என்றால் யாருக்கு மலிவு?

அமெரிக்காவில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கிறவர்கள் பலர், ‘ஸ்டேட் யுனிவர்சிட்டி, ஃபீஸ் கம்மி’ என்று பட்டியல் போடுகிறார்கள். கம்மிதான், அந்த மாநிலத்துக்காரர்களுக்கு. அவர்களுடைய வரிப்பணம் போகிற இடம் அது. வெளிமாநிலத்தவரும் வெளிநாட்டவரும் கட்டுவது நான்-ரெசிடென்ட் கட்டணம், அதாவது அந்த மாநிலத்துக்காரர் (ரெசிடென்ட்) அல்லாதவருக்கான கூடுதல் கட்டணம். தனியார் பல்கலைக்கழகங்களில் பொதுவாக இந்தப் பாகுபாடு கிடையாது, எல்லோருக்கும் ஒரே தொகை.

எம்.எஸ். போகிறவர்களுக்கு இது நேராகக் கையைக் கடிக்கும். பி.எச்டி.யில் மாணவரின் கட்டணத்தைப் பெரும்பாலும் துறையே ஏற்பதால், கடிபடுவது துறையின் கை. கலிபோர்னியா பல்கலைக்கழக வளாகங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். பல ஆண்டுகளாக அங்கே ஆய்வு மாணவருக்கு நான்-ரெசிடென்ட் கூடுதல் தொகை மட்டும் ஆண்டுக்கு 15,102 டாலர். வேறு மாநிலத்திலிருந்து வரும் அமெரிக்கர் ஒரு வருடம் தங்கி, ரெசிடென்ஸி வாங்கிவிட்டால் அது போய்விடும். எஃப்-1 என்கிற மாணவர் விசாவில் இருப்பவருக்கு அந்த வழி அடைப்பு. தகுதித் தேர்வு முடித்து ‘கேண்டிடேட்’ (ஆய்வேட்டுக் கட்டத்துக்குத் தகுதி பெற்றவர்) ஆனபிறகுதான் தள்ளுபடி, அதுவும் அதிகபட்சம் மூன்று வருடம். அதுவரை துறையோ பேராசிரியரின் ஆய்வு நிதியோ (கிராண்ட்) சுமக்க வேண்டும். கை இறுக்கமான துறை வெளிநாட்டு விண்ணப்பத்தைப் பார்த்துத் தயங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். நிராகரிப்புக் கடிதத்தில் இந்தக் கணக்கெல்லாம் எழுத மாட்டார்கள்.

டெக்சாஸில் கதை வேறு. போட்டி அடிப்படையில் குறைந்தது 1000 டாலர் உதவித்தொகை கிடைத்தால், அரசுப் பல்கலைக்கழகங்கள் உள்மாநிலக் கட்டணத்தையே வாங்க முடியும். கையில் வரும் 1000 டாலரைவிட, குறைகிற கட்டணம்தான் பெரிது. ஆனால் மொத்த மாணவர்களில் 5 சதவீதத்துக்கு மேல் இந்தச் சலுகை தரக்கூடாது. அதனால் சீக்கிரம் விண்ணப்பிப்பது புத்திசாலித்தனம்.

ஆஃபர் கடிதத்தில் ‘ட்யூஷன் வெய்வர்’ (கல்விக் கட்டண விலக்கு) என்ற சொல்லைப் பார்த்ததும் குதிக்க வேண்டாம். நான்-ரெசிடென்ட் பங்கும் அதில் அடங்குமா? எத்தனை வருடத்துக்கு? மாணவர் கட்டணங்கள், மருத்துவக் காப்பீடு யார் தலையில்? செலவுக்குத் தரும் ஸ்டைபெண்ட் 9 மாதமா, 12 மாதமா? ‘நிதி இருப்பைப் பொறுத்து’ என்ற வரி அரசுப் பல்கலைக்கழகக் கடிதங்களில் சகஜம். மாநில பட்ஜெட் வெட்டப்பட்டால் அந்த வரிக்கு உயிர் வரும். ஆகவே டி.ஏ. (டீச்சிங் அசிஸ்டென்ட்) இடம் எத்தனை வருடத்துக்கு உறுதி என்பதையும் கேளுங்கள்.

கேட்பதை மின்னஞ்சலில் கேளுங்கள், பதிலும் எழுத்தில் வரட்டும். ஏப்ரல் 15 வரை மாணவருக்கு அவகாசம் தருவதாகப் பல பல்கலைக்கழகங்கள் சேர்ந்து ஏற்ற உடன்பாட்டில் கையெழுத்திட்ட பல்கலைக்கழகமானால், அந்தத் தேதிக்கு முன் நிதி ஆஃபருக்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.