பல் துலக்கினால் பூண்டு வாடை போய்விடுமா?

‘பூண்டு சாப்பிட்டதும் நன்றாகப் பல் துலக்கி வாய் கொப்பளித்தால் வாடை அறவே நீங்கிவிடும்’ என்று பரவும் தகவல் பாதிதான் உண்மை. பல்லிடுக்கில் தங்கிய துணுக்குகளின் வாடை மட்டுமே அப்படிப் போகும். பூண்டிலிருந்து உருவாகும் அல்லைல் மெத்தில் சல்பைடு என்ற கந்தகச் சேர்மத்தை உடல் எளிதில் சிதைப்பதில்லை. குடலிலிருந்து இரத்தத்தில் கலந்து, நுரையீரல் வழியே மூச்சில் வெளியேறுகிறது, மறுநாள்வரைகூட நீடிக்கலாம். எனவே ஈறு புண்ணாகத் தேய்ப்பது வீண் வதை, தயவுசெய்து வேண்டாம்!

சமைக்காத ஆப்பிள், புதினா இலை, தயிர் ஆகியவை வாடையைக் குறைக்கும். பாலும் உதவும். ஓஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் 2010 ஆய்வில், பூண்டு தின்றபின் குடித்த பாலைவிட அதோடு சேர்த்துக் குடித்த பாலே கூடுதல் பலன் தந்தது. கொழுப்பு நீக்காத பால் இன்னும் மேல். பூண்டே சாப்பிடாத நாட்களிலும் வாடை தொடர்ந்தால் பல் மருத்துவரைப் பாருங்கள்.