அது வளர்ப்புப் பறவை அல்ல, ஆறுமணிக்குருவி

வெள்ளவத்தை மாடிவீட்டுப் பல்கனியில் காலையில் ஒடுங்கிக் கிடந்த குருவியின் படத்துக்குக் கீழே, "கூட்டிலிருந்து தப்பிய வெளிநாட்டு வளர்ப்புப் பறவை, பிடித்து வைத்துத் தினை போடுங்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தவறு. கண்ணை ஊடறுத்து ஓடும் கறுப்புப் பட்டை, பச்சை முதுகு, தோளில் நீலத் திட்டு, வாலடியில் குங்குமச் சிவப்பு, அந்தக் கட்டை வால்: சந்தேகமே வேண்டாம், ஆறுமணிக்குருவிதான்.

இந்தியாவில் குஞ்சு பொரித்துவிட்டு ஒக்டோபர் வாக்கில் இங்கே இலங்கைக்கு வந்து, ஏப்ரல் மட்டில் திரும்பும் வலசைப் பறவை இது. இரவில் பறந்து வருவதால், களைத்து வீடுகளுக்குள் விழுவதும் கண்ணாடியில் மோதுவதும் கொழும்பில் புதிதல்ல. தினையை அது ஏறெடுத்தும் பார்க்காது. சருகைக் கிளறிப் புழு பூச்சி தின்னும் ஜாதி. காற்றோட்டமுள்ள அட்டைப் பெட்டியில், இருட்டாக, பூனைக்கு எட்டாமல் வையுங்கள். வாயைத் திறந்து தண்ணீர் ஊற்ற வேண்டாம். அன்பு காட்டியே கொன்றுவிடுகிறார்கள் சிலர். தெம்பு வந்ததும் மரமும் சருகும் உள்ள இடத்தில் விட்டுவிடலாம். இறக்கை தொங்கினால் வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். கூட்டில் அடைப்பது சட்டப்படியும் குற்றம்.