கெட்ட செய்தி எப்போது வந்து சேருகிறது?

"அடியாத மாடு படியாது" என்று வாய்விட்டே சொல்கிற ஒரு மேலாளரிடம் நான்கு வருடம் வேலை பார்த்தேன். அவர் உள்ளே வந்தால் பேச்சு நின்று கீபோர்டு சத்தம் மட்டும் கேட்கும். வேலை கெடு தவறாமல் முடிந்தது, அதை மறுக்க மாட்டேன். "ஆள் கண்டிப்பு, அதான் டீம் இப்படி ஓடுது" என்று பார்த்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள்.

ஒருநாள் வாடிக்கையாளருக்கு அனுப்பிய கணக்கில் நான் செய்த தவறு மாலையே கண்ணில் பட்டது. அவருக்கு மெயில் எழுதினேன். அழித்தேன். மறுபடி எழுதினேன். "சார், ஒரு சின்ன தவறு" என்பதில் 'சின்ன' இருக்கலாமா கூடாதா என்று அரை மணி நேரம் யோசித்துவிட்டு, அனுப்பாமலே கிளம்பிவிட்டேன். இரண்டு நாள் கழித்து வாடிக்கையாளரே கூப்பிட்டுச் சொன்னார். அன்று வாங்கிய திட்டு எனக்கு வேண்டியதுதான். ஆனால் முதல் நாளே சொல்லியிருந்தால் பத்து நிமிட வேலை. சொல்லவிடாமல் என்னைப் பிடித்து வைத்தது அவர் மேல் இருந்த பயம்.

தலைவருக்கு வேண்டியது கண்டிப்பா, அன்பா என்று கேட்பார்கள். ஆனால் அன்றிலிருந்து எந்தத் தலைவரைப் பார்த்தாலும் எனக்கு எழும் கேள்வி, கெட்ட செய்தி இவரிடம் எவ்வளவு சீக்கிரம் போய்ச் சேரும் என்பதுதான்.

1977 மார்ச் 27, டெனரீஃப் தீவின் விமான நிலையம். கடும் மூடுபனி. ஓடுபாதையில் ஒரு போயிங் 747 விமானம் புறப்பட ஓடத் தொடங்கிவிட்டது. எதிரே அதே பாதையில் இன்னொரு 747 இருப்பது கண்ணுக்குத் தெரியவில்லை. "அந்த விமானம் இன்னும் பாதையை விட்டு விலகவில்லையோ?" என்று விமானப் பொறியாளர் கேட்டார். விலகிவிட்டது என்று கேப்டன் அழுத்தமாகச் சொன்னார். அவர் அந்த நிறுவனத்தின் மூத்த பயிற்சியாளர். அதற்கு மேல் யாரும் வற்புறுத்தவில்லை. இரண்டு விமானங்களும் மோதி 583 பேர் இறந்தார்கள். அந்தக் கேப்டன் கத்தவில்லை, திட்டவில்லை. பதவியும் உறுதியான ஒரு பதிலுமே ஒரு நியாயமான சந்தேகத்தை அடக்கப் போதுமாக இருந்தன. அப்படியிருக்க, தினமும் கத்துகிறவர் முன்னால் யார் வாய் திறப்பார்கள்? இதுபோன்ற விபத்துகளுக்குப் பிறகுதான், கீழே இருப்பவர் துணிந்து சொல்லவும் கேப்டன் காதுகொடுக்கவும் விமானிகளுக்குத் தனிப் பயிற்சியே வந்தது.

ஆமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990களில் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தபோது, நன்றாக இயங்கும் குழுக்களில்தான் மருந்துத் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன. அங்கே தவறை மறைக்காமல் பேசினார்கள் என்பதே அவர் கண்ட விளக்கம்.

அதற்காக, சிரித்துக்கொண்டே இருப்பதை அன்பு என்று ஏற்க மாட்டேன். எனக்கு அடுத்து வாய்த்தவர் தங்கமான மனுஷன். வருடம் முழுக்க "சூப்பர்பா" என்றார். வருடக் கடைசி மதிப்பீட்டில் "எதிர்பார்த்த அளவு இல்லை" என்று எழுதிவிட்டார். ஏன் சார் முன்னாடியே சொல்லல என்று கேட்டதற்கு, "உங்க மனசு கஷ்டப்படுமேன்னுதான்" என்றார். முன்னவர் திட்டியதெல்லாம் மறந்துபோச்சு, இது இன்னும் வலிக்கிறது. திருத்திக்கொள்ள எனக்கிருந்த ஒரு வருடத்தை அவருடைய தயக்கம் தின்றுவிட்டது.

கண்டிப்பு வேறு, கடுகடுப்பு வேறு. வேலையின் தரத்தில் விட்டுக்கொடுக்காமல் இருக்கலாம், ஆளைச் சிறுமைப்படுத்தாமலே.

இப்போது என்னிடம் ஏழு பேர் இருக்கிறார்கள். போன மாதம் ஒரு தம்பியைத் தனியாக உட்காரவைத்து, அவர் எழுதிய அறிக்கை இப்படியே போகக்கூடாது என்று பக்கம் பக்கமாகக் காட்டினேன். முகம் வாடிப்போனது. சமாதானத்துக்காக ஒரு பொய்ப் பாராட்டு நாக்கு நுனிவரை வந்தது, சொல்லவில்லை. மறுநாளும் கூட உட்கார்ந்து திருத்தினேன்.

போன வாரம் அவரே என் மேசைக்கு வந்தார். "அண்ணா, காலைல அனுப்பினதுல ஒரு தப்பு விட்டுட்டேன்." எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு, "எங்க, காட்டுங்க" என்றேன்.