முதுகுல சாஞ்சு அமுக்குறதுக்குப் பேரு யோகாவா?

ரெண்டு நாளா அந்த வீடியோதான் எல்லா வாட்ஸப் குரூப்லயும் சுத்துது. பார்க்காதவங்க கோத்தகிரியில இருக்க வாய்ப்பில்ல. காலை நீட்டி உக்காந்து பச்சிமோத்தாசனத்துல குனிஞ்சிருக்கிற ஒரு அம்மா முதுகுமேல யோகா மாஸ்டர் நெஞ்சை வெச்சு அமுக்குறார், சுத்தி இருக்கிறவங்க கை தட்டுறாங்க. மறுநாள் அந்தம்மாவால கட்டிலைவிட்டு எழ முடியல. அதுக்கு வந்த விளக்கம்: "அவங்களுக்குப் பயிற்சி போதல."

போதாதது பயிற்சி இல்லீங்க. முன்னால குனியுறப்ப மடங்க வேண்டியது இடுப்பு மூட்டு. தொடையோட பின்தசை இறுகியிருந்தா இடுப்பெலும்பு முன்னால உருளாது, பின்பக்கமா சாஞ்சே நிக்கும். அப்ப மேலேருந்து அமுக்குற பாரம் பெரும்பாலும் கீழ்முதுகு வட்டுலதான் (டிஸ்க்) இறங்கும். கம்பளியை மடிச்சு மூணு நாலு அங்குல உயரம் பண்ணி அதுமேல உக்காருங்க. முட்டியை லேசா மடக்கி, பாதத்தைச் சுத்தி ஒரு துண்டைப் போட்டுப் பிடிங்க. அஞ்சு மூச்சு போதும். தலை முட்டியைத் தொட்டே ஆகணும்னு யார் சொன்னது?

பந்தியில எல்லா இலைக்கும் ஒரே கரண்டி சாம்பார் ஊத்துற மாதிரி யோகா சொல்லித் தரக்கூடாது. இதைத்தான் யோகா சொல்லித் தர்ற நாங்க வருஷக்கணக்கா கத்திட்டிருக்கோம்.

"பாரம்பரியத்தைக் கெடுக்குறீங்க"ன்னு ஒரு கூட்டம் வரும். வாங்க. இன்னிக்குப் பேர்போன மூணு யோகா வழிக்கும் கிருஷ்ணமாச்சாரியார் ஒருத்தர்தான் குரு. மைசூர் அரண்மனையில துள்ளுற வயசுப் பசங்களுக்கு அவர் சொல்லித் தந்த வேகமான வரிசை, பட்டாபி ஜோயிஸ் கையில அஷ்டாங்காவா வளர்ந்தது. சின்ன வயசுல காசநோயில வாடின இன்னொரு சீடர் பி.கே.எஸ். ஐயங்கார் கட்டை, பெல்ட், கயிறு, நாற்காலின்னு துணை வெச்சு நிதானமா நிக்க வெச்சார். குருவோட மகன் தேசிகாச்சார் 1976ல சென்னையில ஆரம்பிச்ச கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரம்ங்கிற பள்ளியில ஆளுக்கு ஆள் தனிப்பாடம். ஒரு குரு, மூணு வழி. இதுல எந்தப் பாரம்பரியத்தை நாங்க கெடுத்தோம்?

"வலிச்சாதான் பலன்"னு சொல்றவங்களுக்குப் பதில் கிடையாது. பல் டாக்டர்கிட்ட போய்ச் சொல்லிப் பாருங்க.

நம்ம ஊர் உடம்பைப் பாருங்க. தேயிலைக் காட்டுல நாள் முழுக்கக் கத்திரி பிடிக்கிற அக்காங்களுக்கு மணிக்கட்டு ஏற்கெனவே வலி. அவங்களை நிக்க வெச்சு விறுவிறுன்னு 12 சுற்று சூரிய நமஸ்காரமா? ஒவ்வொரு சுற்றுலயும் மணிக்கட்டு 90 டிகிரி மடங்கி உடம்பைத் தாங்கணும். நாற்காலி சீட்டுல முன்கையை ஊன்றச் சொல்லுங்க, தோளும் முதுகும் நீளும், மணிக்கட்டு தப்பிக்கும். சரிவுல நின்னு கெண்டைக்கால் இறுகினவங்க சுவர்ல காலைத் தூக்கி வெச்சு அஞ்சு நிமிஷம் படுக்கட்டும். டிசம்பர் விடியல்ல எடுத்த எடுப்புல எந்த ஆசனமும் வேணாம். கால்விரல்ல ஆரம்பிச்சுக் கழுத்துவரை ஒவ்வொரு மூட்டா அசைக்கிற பவனமுக்த வரிசை, பதினஞ்சு நிமிஷம், அப்புறம்தான் மத்ததெல்லாம்.

எதைத் தேர்ந்தெடுக்கிறது? முட்டி, முதுகுத் தொந்தரவுன்னா ஐயங்கார் வழி. திடமான இளவட்டம், சும்மா உக்கார முடியாதுன்னா அஷ்டாங்கா. தூக்கம் வராத படபடப்புக்கு, பத்தமடையில பிறந்த நம்ம சிவானந்தர் வழி: 12 ஆசனம், நடுநடுவே மல்லாந்து அசையாம படுக்கிற சவாசனம். குளிருக்கு இதமா இருக்கும்னு 40 டிகிரி சூட்டு அறையில நடக்கிற யோகாவைத் தேடிப் போகாதீங்க. சூட்டுல தசை இளகின மாதிரி தோணும், அளவு தெரியாம இழுத்துடுவீங்க.

மூணு வகுப்பு போய்ப் பாருங்க. பிரஷர், ஆபரேஷன், கர்ப்பம் பத்தி முதல் நாளே கேட்கலன்னா அந்த இடம் வேணாம். ஆசனத்துல மூக்குல மூச்சு சீரா ஓடலன்னா ஒரு படி எளிசான நிலைக்கு இறங்குங்க. மறுநாள் வலி சதையில இருந்தா பரவால்ல. மூட்டுக்குள்ள குத்தினாலோ, கால்ல கரண்ட் மாதிரி இறங்கினாலோ நிறுத்திடுங்க.

"உங்களுக்குப் பொறாமை"ன்னு எழுதப் போறீங்க. எழுதுங்க. நாற்காலி போட்டுச் சொல்லித் தர்றதால எங்களைப் "பாட்டி கிளாஸ்"னு கேலி பண்ணினது இதே வாட்ஸப் குரூப்தானே. யோகா தினத்துக்கு மேடையில ஏத்தினது தலைகீழா நிக்கத் தெரிஞ்சவங்களை மட்டும். பிரஷரும் கண் அழுத்தமும் இருக்கிறவங்க சிரசாசனம் பண்ணக்கூடாதுன்னு மைக்ல ஒரு வார்த்தை வந்துச்சா?

அந்தம்மா வீட்டுப் பக்கம் போறவங்க சொல்லுங்க: கால் மரத்தாலோ, வலி கீழே இறங்கினாலோ நேரா டாக்டர்கிட்ட. இல்லன்னா மல்லாந்து படுத்து, முழங்கால் மடங்குற மாதிரி ரெண்டு கெண்டைக்காலையும் நாற்காலி சீட்டுல வெச்சு, பத்து நிமிஷம். கை தட்டினவங்கள்ல ஒருத்தராவது இதுவரைக்கும் போய்ப் பார்த்தீங்களா?