கூலிக்குத் தைத்த பொன்வேலை

இடைக்கால இங்கிலாந்தில் பொன் ஜரிகைப் பூவேலை செய்த தேவாலய உடைகளின் படத்தை யார் போட்டாலும் கீழே ஒரு வரி கட்டாயம் வந்துவிடுகிறது: மடத்துக்குள் கன்னியாஸ்திரீகள் ஜெபம் சொல்லிக்கொண்டே இழை இழையாகத் தைத்தது, அந்தப் பொறுமை இன்றைக்கு யாருக்கு இருக்கிறது என்று. எனக்கு அந்த வரியைப் பார்த்தாலே எரிச்சல் வரும். இந்தப் பூவேலையின் உச்சக்காலம் சுமாராக 1250 முதல் 1350 வரை. அப்போது இதைச் செய்தவர்களில் பெரும்பாலோர் லண்டன் பட்டறைகளில், ஆணும் பெண்ணுமாக, கூலி வாங்கிக்கொண்டு தைத்த தொழிலாளர்கள். மடத்தில் யாருமே ஊசி பிடிக்கவில்லை என்று சொல்ல வரவில்லை. ஜொஹன்னா பெவர்லி என்ற கன்னியாஸ்திரீ தன் பெயரை லத்தீனில் தைத்துவைத்த பீடத்துணி ஒன்று இன்றும் இருக்கிறது. ஆனால் ஐரோப்பா முழுக்க 'ஓபஸ் ஆங்கிளிக்கானும்', அதாவது இங்கிலாந்து வேலை, என்று பெயர் சொல்லிக் கேட்டு வாங்கினார்களே, அது பட்டறைச் சரக்கு.

வேலையை நெருங்கிப் பார்த்தாலே அது புரியும். ஜரிகையை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டு நூலைச் சுற்றி, பொன்முலாம் பூசிய மெல்லிய வெள்ளித் தகட்டை நாடா போலச் சுற்றியிருப்பார்கள். இதை ஊசியில் கோத்துத் துணிக்குள் இழுத்தால் தகடு உரிந்துவிடும். அதனால் ஜரிகையைத் துணிமேல் படுக்கவைத்து, வேறொரு நூலால் அங்கங்கே கட்டிப் பிடிப்பார்கள். எல்லா ஊரிலும் உள்ள வழிதான். இங்கிலாந்துக்காரர்கள் இதில் ஒரு வேலை செய்தார்கள். வலுவான லினன் நூல் கோத்த ஊசி அடியிலிருந்து மேலே வரும், ஜரிகையைச் சுற்றிக்கொண்டு, வந்த அதே துளை வழியாகவே கீழே இறங்கும், அப்புறம் ஒரு சுண்டு. ஜரிகையில் கடுகளவு வளைந்து துளைக்குள் போய் அடிப்பக்கத்தில் மாட்டிக்கொள்ளும். கட்டிய நூல் மேலே தெரியவே தெரியாது. தெரியாததால் தேயவும் தேயாது. அதைவிட முக்கியமாக, அந்த ஒவ்வொரு மடிப்பும் ஒரு கீல். துணி முழுக்கப் பொன் நிறைந்திருந்தும் அட்டை மாதிரி விறைக்காமல், போட்டிருப்பவர் நடக்கும்போது கூடவே மடிந்து விரியும்.

முகங்களைத் தைத்தது வேறு விதம். முறுக்கில்லாத பட்டிழை, ஒவ்வொரு தையலும் முந்தைய தையலை நடுவில் பிளந்துகொண்டு வெளியே வரும். கன்னம் வரும் இடத்தில் நேர்கோட்டில் போகாமல் சுழி சுழியாகத் தைப்பார்கள். ஒரே நிற இழைதான், ஆனால் தையல் போகிற திசைக்குத் தகுந்தபடி வெளிச்சம் மாறி விழுவதால் கன்னம் உருண்டு நிற்கும். சாயம் எதுவும் மாறாமல் நிழல் விழ வைத்திருக்கிறார்கள்! இதெல்லாம் ஒரு கையிலிருந்து இன்னொரு கை பழகி வருகிற வித்தை. பக்தி இருந்தால் தானாக வந்துவிடாது.

சரி, கூலிக் கணக்குக்கு வருகிறேன். 1271-இல் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயப் பீடத்தின் முன்னால் தொங்கவிடும் துணி ஒன்றுக்கான கணக்கு எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. நான்கு பெண்கள், மூன்றே முக்கால் ஆண்டு வேலை, மொத்தக் கூலி 36 பவுண்டு. வகுத்துப் பாருங்கள், ஒருத்திக்கு ஆண்டுக்கு இரண்டரைப் பவுண்டுகூட வராது. அதே துணியில் பதித்த முத்துக்குக் கொடுத்தது இதைவிட அதிகம். நான்கு பேரின் பெயரும் அந்தக் கணக்கில் இல்லை. பெயர் தெரிந்தவர்கள் சிலரே. பரி செயின்ட் எட்மண்ட்ஸ் ஊர் மேபல் என்பவள் மூன்றாம் ஹென்றிக்குப் பல ஆண்டுகள் தைத்திருக்கிறாள். 1256-இல் அந்த ஊருக்குப் போன அரசர் அவளுக்குத் துணியும் முயல்தோலும் கொடுக்கச் சொன்னார். ரோஸ் டி பர்ஃபர்ட் இன்னொரு ரகம். லண்டன் வணிகர் குடும்பம். பவளம் வைத்துத் தைத்த மேலங்கி, அதாவது பாதிரிமார் தோளில் போடும் அரைவட்ட அங்கி, ஒன்றுக்கு அவளுக்கு 100 மார்க் (சுமார் 67 பவுண்டு) கிடைத்தது. அரசி இசபெல்லா அதைப் போப்புக்கு அனுப்பினாள். கணவன் இறந்த பிறகு கம்பளி வியாபாரத்தையும் அவளே பார்த்தாள். அப்போதைய அரசர் அவள் குடும்பத்துக்குத் தரவேண்டிய கடனுக்கு மனுமேல் மனுப் போட்டு, பணமாக முடியாவிட்டால் கம்பளிச் சுங்கத்தில் கழித்துக்கொள்ளுங்கள் என்று வழியும் சொன்னவள். கன்னியாஸ்திரீ கதையில் இந்த அம்மாளை எங்கே வைப்பீர்கள்?

வாங்கியவர்களும் ஒன்றும் ஞானிகள் இல்லை. மேத்யூ பாரிஸ் என்ற செயின்ட் ஆல்பன்ஸ் துறவி எழுதி வைத்திருக்கிறார்: 1246-இல் போப் நான்காம் இன்னசென்ட், இங்கிலாந்துப் பாதிரிகளின் உடையில் பொன்வேலையைப் பார்த்துவிட்டு எங்கே செய்தது என்று விசாரித்தாராம். இங்கிலாந்து என்று சொன்னதும், அது வற்றாத கிணறு, நிறைய இருக்கிற இடத்தில் நிறையவே எடுக்கலாம் என்று சொல்லி, அங்குள்ள மடாதிபதிகளுக்கு அனுப்பி வையுங்கள் என்று கடிதம் போட்டுவிட்டார். இதில் லண்டன் வியாபாரிகளுக்கு வருத்தமே இல்லை, தங்களுக்குத் தோன்றிய விலைக்கு விற்றார்கள் என்கிறார் பாரிஸ். எழுதியவரே துறவி என்பதால் அந்தக் குத்தல் எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1295-இல் போப்பின் கருவூலப் பட்டியலில் இங்கிலாந்து வேலை நூறு தடவைக்கு மேல் வருகிறது.

அந்தப் பேராசைதான் இவற்றைக் காப்பாற்றியது என்பது இன்னொரு வேடிக்கை. 1348-இல் கொள்ளைநோய் வந்தது, அதன் பிறகு வேலையின் தரம் இறங்கியது. பதினாறாம் நூற்றாண்டில் புராட்டஸ்டன்ட் மதச் சீர்திருத்தம் வந்தபோது இங்கிலாந்தில் தங்கியவற்றை வெட்டி மெத்தை உறையாக்கினார்கள், பொன்னுக்காக எரித்தார்கள். பழைய பட்டுச்சேலை வாங்குகிறவர் ஜரிகையை உருக்கி வெள்ளி எடுப்பாரே, அதே கணக்கு. அதனால் நல்ல மேலங்கிகளைப் பார்க்க இத்தாலியின் பியென்சா, பொலோன்யா, ஸ்பெயினின் டொலேடோ என்று போகவேண்டியிருக்கிறது. போப் நான்காம் நிக்கோலஸ் 1288-இல் தன் ஊர்ப்பக்கத்து அஸ்கோலி பிச்சேனோ தேவாலயத்துக்குக் கொடுத்த மேலங்கி 1902-இல் திருடு போய், அமெரிக்கக் கோடீஸ்வரர் ஜே.பி. மார்கன் கைக்கு வந்து, விஷயம் நாறிப்போனதும் 1904-இல் இத்தாலிக்கே திரும்பியது.

கன்னியாஸ்திரீகளுக்கு உரிய பெருமை ஒன்று உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் தப்பு. இங்கிலாந்தின் சியான் கன்னியர் மடத்தின் பெயரால் வழங்கும் சியான் மேலங்கி தைக்கப்பட்டது 1310-20 வாக்கில். அந்த மடம் தொடங்கியதே 1415-இல். அந்த மடத்துக் கன்னியாஸ்திரீகள் அதைத் தைக்கவில்லை, ஆனால் முதலாம் எலிசபெத் காலத்தில் நாட்டைவிட்டுப் போனபோது கையோடு எடுத்துப் போனார்கள். பல ஊர் அலைந்து 1594-இல் லிஸ்பனில் நிலைத்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் மேலங்கி இங்கிலாந்துக்குத் திரும்பியது. இன்று விக்டோரியா ஆல்பர்ட் என்று பெயர் கொண்ட லண்டன் அருங்காட்சியகம் 1864-இல் அதை வாங்கியது.

அருங்காட்சியகங்கள்மேல் எனக்கு ஒரு மனக்குறை. இந்த அரைவட்ட அங்கிகளைப் பெரும்பாலும் கண்ணாடிக்குள் தட்டையாக விரித்துத்தான் காட்டுகிறார்கள். எழுநூறு வயதுத் துணியைத் தொங்கவிட முடியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதே முறையில் ஒரு முழ அளவு புதிதாகத் தைத்து, பக்கத்தில் வைத்து, பார்க்க வருகிறவர்கள் கையால் மடித்துப் பார்க்கட்டும் என்று விடலாம். கூடவே அந்த 36 பவுண்டுக் கணக்கையும் எழுதிவைக்கலாம். இப்போதைக்குப் பலகையில், அங்கியைக் கொடுத்த போப்பின் பெயர்தான் பெரிதாக இருக்கிறது.